வாசலில் பூக்கும் பட்டிப்பூ: மருந்து எது, நஞ்சு எது?

(தோட்டங்களிலிருந்து கொழும்புக்கு வந்து தொழில் செய்வோருக்கும் அவர்களது குடும்பத்தாருக்குமாக எமது நலன்புரி நிதியம் வெள்ளவத்தையில் நடத்திய சுகாதார ஒன்றுகூடலில் நிகழ்த்தப்பட்ட உரை. தோட்டங்களில் உள்ளோரும் வாசித்துப் பயன் பெறுவதற்காக இங்கே தரப்படுகிறது.)



வாரத்தில் ஒரு நாள் கிடைக்கும் லீவிலும் எமது அழைப்பை ஏற்று வந்திருக்கிறீர்கள். ஊரிலிருந்து பிள்ளைகளைப் பார்க்க வந்த பெரியவர்களும் இருக்கிறீர்கள். உங்கள் எல்லோருக்கும் முதலில் நன்றி.

இன்று நாம் பேசப்போவது ஒரு பூவைப் பற்றி. "பூவப் பத்திப் பேசவா எங்கள கூப்பிட்டீங்க?" என்று நீங்கள் கேட்கலாம். காரணத்தோடுதான் கூப்பிட்டோம். தோட்டங்களுக்குப் போகும்போதெல்லாம் இரண்டு பேச்சு எமது காதில் விழுகிறது. ஒன்று, "பட்டிப்பூவ அவிச்சிக் குடிச்சா சீனி வியாதி சொகமாயிடும்" என்பது. மற்றது, "கேன்சருக்கு மருந்தே அந்தப் பூவுலதான் செய்யிறாங்களாம். பெறகு என்னாத்துக்கு மகரகமைக்கு அலையணும்? வாசல்லதானே பூத்துக் கெடக்கு" என்பது.

இந்தப் பேச்சில் பாதி முழு உண்மை. மற்றப் பாதி ஆளைக் கொல்லக்கூடிய பொய். எது உண்மை, எது பொய் என்று பிரித்துக் காட்டுவதுதான் எமது இன்றைய வேலை.

எது இந்தப் பட்டிப்பூ?

லயத்து வாசலிலும், கோயில் பக்கத்திலும், கல்லறை மேட்டிலும் நீங்கள் பார்த்த செடிதான். இங்கே வெள்ளவத்தையிலும் கடற்கரைப் பக்கம் போனால், உப்புக்காற்று அடிக்கும் மணலிலும் மதில் ஓரத்திலும் தன்பாட்டில் முளைத்து நிற்கும். முழங்கால் உயரத்துக்கு, சில வேளை இடுப்பளவுக்கு வளரும். இலை பளபளப்பாக, எதிரெதிராக இரண்டிரண்டாக இருக்கும். நடுநரம்பு வெளிறித் தெரியும். பூவுக்கு ஐந்து இதழ். ரோசா நிறம், வெள்ளை, நடுவில் சிவப்புப் பொட்டு வைத்த வெள்ளை என்று பல வகை உண்டு. காம்பை ஒடித்தால் பால் வரும்.

தமிழ்நாட்டில் இதற்கு நித்தியகல்யாணி என்று பெயர். வருடம் முழுவதும் பூப்பதால் அந்தப் பெயர். அங்கேயே சுடுகாட்டு மல்லி என்றும் சொல்வார்கள். சிங்களத்தில் மினீமல், அதாவது பிணப்பூ. மங்கலப் பெயரும் சாவுப் பெயரும் ஒரே செடிக்கு வந்திருப்பதைப் பாருங்கள். இனி நாம் சொல்லப்போவதற்கும் அது பொருத்தமாகத்தான் இருக்கிறது.

இது எமது மண்ணின் செடி அல்ல. ஆபிரிக்காவுக்குக் கிழக்கே உள்ள மடகஸ்கார் தீவு இதன் தாயகம். கப்பற்காரர்கள் மூலமும் பூந்தோட்டக்காரர்கள் மூலமும் உலகத்தின் வெப்பநாடுகள் எங்கும் பரவியது. 1759இல் லின்னேயஸ் என்ற சுவீடன் நாட்டு அறிஞர் இதற்கு வின்கா ரோசியா என்று பெயர் வைத்தார். இப்போதைய தாவரவியல் பெயர் கதராந்தஸ் ரோசியஸ். அலரியும், கோயிலுக்குப் பறிக்கும் அரலியாப் பூவும், சர்ப்பகந்தா மூலிகையும் இதன் சொந்தக்காரர்கள். அலரி நஞ்சு என்பதைச் சின்னப் பிள்ளையும் அறியும். அந்தக் குடும்பத்தில் பிறந்த செடி இது என்பதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு கடித உறையில் வந்த இலை

இந்தப் பூ மருந்தான கதையைக் கேட்டால் அதிசயமாக இருக்கும்.

சீனி வியாதிக்கு இதை அவித்துக் குடிப்பது எமது ஊரில் மட்டும் உள்ள வழக்கம் அல்ல. ஜமேக்காவிலும், பிலிப்பைன்ஸ் தீவுகளிலும், வேறு பல நாடுகளிலும் ஏழைச் சனங்கள் அப்படிக் குடித்து வந்தார்கள். 1952இல் ஜமேக்காவிலிருந்து ஒரு வைத்தியர் ஒரு கடித உறைக்குள் இருபத்தைந்து இலைகளை வைத்துக் கனடாவில் உள்ள டொக்டர் கிளார்க் நோபிள் என்பவருக்கு அனுப்பினார். இன்சுலின் கிடைக்காத இடங்களில் சனங்கள் இதைத் தேநீராகக் குடிக்கிறார்கள், சோதித்துப் பாருங்கள் என்பது செய்தி. கிளார்க் நோபிள் இலையைத் தமது சகோதரர் ரொபர்ட் நோபிளிடம் கொடுத்தார். அவர் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி செய்து வந்தவர்.

அவர் இலைச்சாற்றை எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்துப் பார்த்தார். இரத்தத்தில் சீனி குறையவே இல்லை. பிறகு சாற்றை ஊசியாக ஏற்றிப் பார்த்தார். அப்போதும் சீனி குறையவில்லை. ஆனால் எலிகள் செத்தன! ஏன் என்று தேடியபோது, உடம்பில் நோய்க்கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்கள் மளமளவென்று குறைந்து போயிருந்தன. காவற்காரன் இல்லாத வீட்டுக்குள் கள்ளன் புகுவது போல, கிருமி புகுந்து எலிகளைக் கொன்றுவிட்டது.

இங்கேதான் விஞ்ஞானியின் கெட்டித்தனம் இருக்கிறது. இரத்தப் புற்றுநோய் என்பது வெள்ளை அணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் நோய். வெள்ளை அணுக்களைக் குறைக்கும் பொருள் இந்த இலையில் இருக்குமானால், அது அந்த நோய்க்கு மருந்தாகலாம் அல்லவா? ரொபர்ட் நோபிளும், அவரோடு வந்து சேர்ந்த சார்ள்ஸ் பியர் என்ற இரசாயன அறிஞரும் அந்தப் பொருளைப் பிரித்தெடுத்து 1958இல் உலகுக்கு அறிவித்தார்கள். அதுதான் வின்பிளாஸ்டின். அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லிலி மருந்துக் கம்பெனியில் கோர்டன் சுவோபோடாவும் அவரது குழுவினரும் இதே செடியை ஆராய்ந்து கொண்டிருந்தார்கள். அவர்களது வேலையிலிருந்து வின்கிறிஸ்டின் என்ற இரண்டாவது மருந்து கிடைத்தது. 1963இல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி கொடுத்தது.

இன்று இந்த இரண்டு மருந்தும் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளன. 1960க்கு முன்னர் இரத்தப் புற்றுநோய் கண்ட பிள்ளை அநேகமாகப் பிழைப்பதில்லை. சில மாதங்களில் கதை முடிந்துவிடும். இன்று நல்ல வசதியுள்ள நாடுகளில், பிள்ளைகளுக்கு அதிகம் வரும் வகை இரத்தப் புற்றுநோயில் பத்துப் பிள்ளைகளில் ஏறக்குறைய ஒன்பது பிள்ளைகள் பிழைக்கிறார்கள். வின்கிறிஸ்டின் மட்டும் தனியாகச் செய்த வேலை அல்ல அது. பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் சிகிச்சையின் பலன். ஆனாலும் அந்தக் கூட்டத்தில் பட்டிப்பூ தந்த மருந்துக்குப் பெரிய பங்கு உண்டு.

ஆகவே "கேன்சர் மருந்து அந்தப் பூவுலதான்" என்று சொல்கிறவர்கள் பொய் சொல்லவில்லை. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சீனிக்கு நல்லது என்று அனுப்பிய இலையைச் சோதித்தபோது அங்கே சீனி குறையவில்லை. குறைந்தது வெள்ளை அணு. சனங்கள் தேடிய மருந்து வேறு, செடிக்குள் இருந்த சரக்கு வேறு.

ஒரு ஊசிக்கு எத்தனை இலை?

கொழுந்து நிறுத்துப் பழகிய உங்களுக்கு இந்தக் கணக்கு நன்றாக விளங்கும்.

இந்தச் செடியில் நூற்றுக்கும் மேற்பட்ட வேதிப்பொருட்கள் இருக்கின்றன. புற்றுநோய்க்கு உதவும் பொருள் அதில் மிக மிகக் குறைவு. ஒரு கிராம் மருந்து எடுக்கக் குறைந்தது 500 கிலோ காய்ந்த இலை தேவை. வின்கிறிஸ்டினுக்கு அதைவிடக் கூடத் தேவைப்படும். நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்துக்கு ஒரு கிலோ தூள் என்பது ஸ்டோர் கணக்கு. அதே கணக்கை இதற்கும் வைத்துப் பார்த்தால், 500 கிலோ காய்ந்த இலைக்கு 2,250 கிலோ பச்சை இலை பறிக்க வேண்டும். ஒரு பேருக்கு 18 கிலோ என்றால் 125 பேர். நூற்றிருபத்தைந்து நாள் மலை ஏறி இறங்கினால் கிடைப்பது ஒரு கிராம்!

இனி மற்றப் பக்கத்தைப் பாருங்கள். வின்கிறிஸ்டின் ஒரு தடவை ஏற்றும் அளவு மில்லிகிராம் கணக்கில்தான். பெரிய ஆளுக்கும் பொதுவாக 2 மில்லிகிராமுக்கு மேல் கொடுப்பதில்லை. பிள்ளையின் உயரம், நிறை இரண்டையும் அளந்து, உடம்பின் பரப்பைக் கணக்கிட்டு, அதற்கு ஏற்றபடிதான் ஏற்றுவார்கள். ஒரு கிராம் மருந்து 500 ஊசிக்கு மேல் காணும். கொஞ்சம் கூடினால் நரம்பு பழுதாகும், உயிரும் போகலாம். நாளத்துக்குள் மட்டுமே போகவேண்டிய மருந்து அது. இடம் மாறி முள்ளந்தண்டு நீருக்குள் போனால் பிழைப்பது அரிது. பயிற்சி பெற்றவர்களே இரண்டு மூன்று பேர் சேர்ந்து பெயரையும் அளவையும் சரிபார்த்துக் கொடுக்கும் மருந்து.

இப்போது கேத்தலை எடுத்துப் பாருங்கள். ஒரு பிடி இலை போட்டு அவிக்கிறோம். அந்தப் பிடியில் எந்தப் பொருள் எவ்வளவு இருக்கிறது? யாருக்கும் தெரியாது. வெயிலில் நின்ற செடியில் ஒரு அளவு, நிழலில் நின்ற செடியில் வேறு அளவு. இளம் இலையில் ஒன்று, முற்றிய இலையில் இன்னொன்று. புற்றுநோயைக் குணப்படுத்தும் அளவு அதில் இருக்காது. உடம்பைக் கெடுக்கும் அளவு இருக்கலாம். வாந்தி, வயிற்று வலி, மலச்சிக்கல், கைகால் விறைப்பு, வெள்ளை அணுக் குறைவு எல்லாம் இந்தச் செடியின் பொருட்களால் வரக்கூடியவை. கர்ப்பிணித் தாய்மார் இதன் பக்கமே போகக் கூடாது. வயிற்றில் வளரும் சிசுவின் கலங்கள் வேகமாகப் பிரிந்து பெருகுபவை. பிரியும் கலத்தைத் தடுப்பதுதான் இந்தச் செடியின் வேலை.

அது எப்படி என்றும் சொல்லிவிடுகிறோம். எமது உடம்பில் ஒரு கலம் இரண்டாகும்போது, உள்ளே நூல் போன்ற இழைகள் தோன்றி, சரக்கை இரண்டு பக்கமும் சமமாக இழுத்துப் பங்கு வைக்கும். வின்கிறிஸ்டின் அந்த நூலைக் கட்டவிடாது. கலம் பிரிய முடியாமல் செத்துவிடும். புற்றுக்கலம் ஓயாமல் பிரிவதால் அதற்கு அடி அதிகம். ஆனால் தலைமயிரின் வேர், குடல், எலும்பு மச்சை போன்ற நல்ல இடங்களில் உள்ள கலங்களும் பிரிகின்றனவே! அவற்றுக்கும் அடி விழும். ஆகவேதான் மருந்து ஏற்றும் பிள்ளைக்கு முடி கொட்டுகிறது. நரம்புக்குள்ளும் இப்படியான நூல்கள் இருப்பதால் கால் விறைப்பும் வருகிறது. மருந்தும் நஞ்சும் இரண்டு பொருள் அல்ல. ஒரே பொருள்தான், அளவுதான் வேறு.

எமது முன்னோர் அறிந்த கதை

மரத்திலிருந்து மருந்து எடுப்பது மலைநாட்டுக்குப் புதிது அல்ல. 1869இல் கோப்பிச் செடிக்கு நோய் வந்து கோப்பித் தோட்டங்கள் அழிந்தபோது, தேயிலை நிலைப்பதற்கு முன்னர் துரைமார் சிங்கோனா மரம் வைத்தார்கள். அதற்கான பரிசோதனைக்கென்றே 1861இல் ஹக்கலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. மலேரியாவுக்குக் கொடுக்கும் கொய்னா மருந்து அந்த மரத்துப் பட்டையிலிருந்து வந்தது. எமது பாட்டன் பூட்டன்மார் அந்த மலைகளில் வேலை செய்தவர்கள். பட்டையை உரித்துக் காயவைத்துக் கப்பலில் ஏற்றினார்கள். மருந்தாக அது திரும்பி வந்தது தொழிற்சாலையில் பிரித்து அளந்த பிறகுதான். 1880களில் எல்லோரும் அளவுக்கு மிஞ்சிச் சிங்கோனா வைத்ததால் விலை விழுந்து, மரங்களைப் பிடுங்கி எறிந்த கதையும் உண்டு. அதை ஏன் சொல்கிறோம் என்பதைச் சிறிது பொறுத்துச் சொல்கிறோம்.

சீனி வியாதிக்காரருக்கு ஒரு வார்த்தை

சீனி வியாதி தோட்டங்களிலும் கூடிக்கொண்டு வருகிறது. மூன்று வேளையும் கோதுமை மா ரொட்டி, நாளைக்கு நாலைந்து தடவை சீனி கொட்டிய சாயத்தண்ணி என்றால் வேறு என்ன நடக்கும்? கிளினிக்கில் குளிசை கொடுக்கிறார்கள். இரண்டு மாதம் குடித்ததும், யாரோ சொன்னார்கள் என்று குளிசையை நிறுத்திவிட்டுப் பட்டிப்பூத் தண்ணிக்கு மாறுகிறவர்கள் இருக்கிறார்கள்.

மிருகங்களில் செய்த சில பரிசோதனைகளில் இந்த இலைச்சாறு சீனியைக் குறைத்ததாகக் கண்டதுண்டு. ஆனால் மனிதருக்கு இது நல்ல மருந்து, இந்த அளவு பாதுகாப்பானது என்று நம்பத்தகுந்த முறையில் நிறுவப்படவில்லை. குளிசையை நிறுத்தினால் என்ன நடக்கும் என்பது மட்டும் நன்றாக நிறுவப்பட்டிருக்கிறது. கண் மங்கும், சிறுநீரகம் பழுதாகும், காலில் உணர்ச்சி குறையும். மலையில் அட்டை கடித்த புண்ணோ, கல் கீறிய காயமோ ஆறாமல் அழுகி, காலை எடுக்க வேண்டிய நிலை வரும். சிலர் குளிசையையும் குடித்துப் பட்டிப்பூவையும் குடிக்கிறார்கள். அதில் வேறு ஆபத்து. சீனி திடீரென்று இறங்கி மயங்கி விழுந்தால், எதனால் என்று வைத்தியருக்கும் விளங்காது.

ஆகையால், ஏற்கெனவே குடித்துக் கொண்டிருப்பவர்கள் மறைக்காமல் கிளினிக்கில் சொல்லுங்கள். "ஏசுவாங்கன்னு பயமா இருக்கு" என்று இருந்துவிடாதீர்கள். ஏச்சு ஒரு நிமிடம். கால் போனால் வராது.

பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்

இது எல்லாவற்றிலும் முக்கியம். தாய்மார் கவனமாகக் கேட்க வேண்டும்.

பிள்ளை வெளிறிப் போனால் "ரத்தம் கொறைவு" என்போம், அல்லது "பூச்சி" என்போம். அநேகமாக அதுவாகத்தான் இருக்கும். ஆனால் வெளிறலோடு விட்டு விட்டு நீண்ட நாள் காய்ச்சல், அடிபடாமலே உடம்பில் நீலத் தழும்பு, முரசிலும் மூக்கிலும் இரத்தக் கசிவு, கால் எலும்பு நோகிறது என்று பிள்ளை நடக்க மறுப்பது, கழுத்திலும் கமக்கட்டிலும் கட்டி, இவற்றில் ஏதேனும் சேர்ந்து வந்தால் சும்மா இருக்கக் கூடாது. தோட்டத்து டிஸ்பென்சரியோடு நிற்காமல் அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போய், "புள்ளைக்கு ரத்தம் சோதிக்கணுங்க" என்று கேளுங்கள். முதற்சோதனை சாதாரண இரத்தப் பரிசோதனைதான்.

நோய் என்று கண்டால் அநேகமாக மகரகமவில் உள்ள அபேக்ஷா வைத்தியசாலைக்கு அனுப்புவார்கள். அது அரசாங்க ஆஸ்பத்திரி. சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. கண்டி, பதுளை போன்ற இடங்களிலும் புற்றுநோய்ச் சிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன. எங்கு போவது என்பதை வைத்தியர் சொல்வார்.

இனித்தான் கஷ்டமான பகுதி. சிகிச்சை இரண்டு மூன்று வருடம் எடுக்கும். முதல் மாதத்திலேயே காய்ச்சல் நின்று, பிள்ளை சிரித்து விளையாடத் தொடங்கும். இரத்தத்திலும் புற்றுக்கலம் தெரியாமல் போகும். அப்போது வீட்டில் கணக்குப் பார்க்கிறார்கள். தாய் வேலைக்குப் போகவில்லை, பேர் இல்லை, பஸ் செலவு, மற்றப் பிள்ளைகளைப் பார்க்க ஆள் இல்லை. "புள்ள நல்லாத்தானே இருக்கு, இனி பட்டிப்பூவே போதும்" என்று நின்றுவிடுகிறார்கள். கண்ணுக்குத் தெரியாமல் ஒளிந்திருக்கும் கலங்கள் மீண்டும் பெருகும். திரும்பி வரும் நோய் முதல் நோயைவிட மோசமானது. கவ்வாத்து வெட்டிய தேயிலை அடிக்கட்டையில் உயிர் இருப்பது போலத்தான் இதுவும். மேலே ஒன்றும் தெரியாது என்பதற்காக வேரும் செத்தது என்று நினைக்கலாமா?

அந்தத் தாயைக் குறை சொல்ல நாம் வரவில்லை. பசியும் பாடும் எமக்குத் தெரியும். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வேலை செய்யும் தம்பி தங்கைமாருக்கு இங்கே ஒரு கடமை இருக்கிறது. ஊரிலிருந்து பிள்ளையோடு வரும் குடும்பத்துக்கு முதலில் தேவை வழிகாட்ட ஒரு ஆள். புறக்கோட்டையிலிருந்து 138 இலக்க பஸ் ஹைலெவல் வீதியால் மகரகமைக்குப் போகிறது. முதல் நாள் கூடப் போய்விடுங்கள். சிங்களம் தெரிந்தவர் ஒருவர் பக்கத்தில் நின்றால், டொக்டர் சொல்வது அந்தத் தாய்க்கு விளங்கும். அடுத்த தவணைத் திகதியை எழுதி வைத்து, இரண்டு நாளைக்கு முன்னர் ஊருக்கு டெலிபோன் எடுத்து ஞாபகப்படுத்துங்கள். இந்தச் சின்ன வேலை ஒரு பிள்ளையைக் காப்பாற்றும்.

இன்னொன்று இரத்ததானம். மருந்து ஏற்றும் பிள்ளைகளுக்கு அடிக்கடி இரத்தம் தேவைப்படும். நாரஹேன்பிட்டியில் தேசிய இரத்த நிலையம் இருக்கிறது, வெள்ளவத்தையிலிருந்து தூரமில்லை. 18 வயது நிரம்பிய, 50 கிலோவுக்குக் குறையாத, சுகமாக உள்ள எவரும் நாலு மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்கலாம். ஊரில் இருப்போர் நடமாடும் இரத்ததான முகாம்களில் கொடுக்கலாம்.

செடியை வளர்ப்பது எப்படி?

இவ்வளவும் கேட்டுவிட்டு, "அப்படின்னா வீட்டுக்குப் போனதும் பிடுங்கி எறிஞ்சிடுவோம்" என்று நினைக்க வேண்டாம். பார்க்க அழகான, செலவில்லாத பூஞ்செடி இது. பூசைக்கும் வைக்கலாம். தொட்டால் ஒன்றும் ஆகாது. பாலைக் கண்ணில் படவிடாமல், கையைக் கழுவிக்கொண்டால் போதும். பல்லால் கடித்துப் பார்க்கும் வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டிலும், பிள்ளைக்காம்பராவின் முற்றத்திலும் மட்டும் வைக்காதீர்கள். ஆடு மாடு பொதுவாக வாய் வைக்காது. ஆனாலும் பிடுங்கிய செடியைப் புல்லோடு சேர்த்துப் போட்டுவிட வேண்டாம், அவற்றுக்கும் நஞ்சு.

வெயில்தான் இதற்குச் சாப்பாடு. மணல் கலந்த, தண்ணீர் தேங்காத மண் வேண்டும். இரத்தினபுரி, கேகாலை, களுத்துறை, காலிப் பக்கத்துத் தோட்டங்களில் நன்றாக வரும். நுவரெலியா போன்ற 6,000 அடி உயரத்துக் குளிரும் மூடுபனியும் ஒத்துக்கொள்ளாது. அங்குள்ளவர்கள் பழைய தகரத்தில் மண் போட்டு, வெயில் படும் சுவரோரம் வைத்துப் பார்க்கலாம்.

பூ உதிர்ந்தபின் ஒல்லியான சின்னக் காய்கள் சோடியாக நிமிர்ந்து நிற்கும். அவை மஞ்சளாகி வெடிப்பதற்கு முன் எடுத்து நிழலில் உலர்த்தினால் கறுப்பு விதை கிடைக்கும். விதையைத் தூவி, மெல்லிய மண்ணால் மூடுங்கள். இருட்டில்தான் நன்றாக முளைக்கும். பத்துப் பதினைந்து நாளில் முளைத்துவிடும். நாலு ஐந்து இலை வந்ததும் ஒரு அடி இடைவெளி விட்டு நடலாம். நுனியைக் கிள்ளிவிட்டால் பக்கக் கிளை விட்டுப் புதர் போல் பூக்கும். தண்ணீர் குறைவாக ஊற்றுங்கள். மழைக்காலத்தில் தண்டு கறுத்து அழுகினால் அந்தச் செடியைப் பிடுங்கி எரித்துவிட வேண்டும். பூவே பச்சை இலை போல மாறினால் அதுவும் ஒரு நோய்தான், பிடுங்க வேண்டியதுதான்.

விற்பதற்காக வளர்ப்பவர்களும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் திருநெல்வேலி, தூத்துக்குடி, இராமநாதபுரம் மாவட்டங்களின் வறண்ட நிலங்களில் இது பயிராகச் செய்யப்படுகிறது. இந்தியாவின் லக்னோ நகரில் உள்ள மத்திய மருத்துவ, நறுமணத் தாவர ஆராய்ச்சி நிறுவனம் நிர்மல், தவல் என்ற வெள்ளைப்பூ வகைகளை வெளியிட்டிருக்கிறது. ஆறாம் மாதமும் ஒன்பதாம் மாதமும் இலை பறித்து, பன்னிரண்டாம் மாதம் வேரோடு பிடுங்கி, நிழலில் உலர்த்துகிறார்கள். தண்ணீர் பாய்ச்சும் நிலத்தில் ஒரு ஹெக்டேயரில் மூன்று தொன்னுக்கு மேல் காய்ந்த இலையும், ஏறக்குறைய ஒன்றரைத் தொன் வேரும் கிடைக்கும். வேரிலிருந்து அஜ்மலிசின் என்ற, இரத்த ஓட்டத்துக்கான மருந்துப்பொருள் எடுக்கப்படுகிறது.

இதைக் கேட்டு, வீட்டுத்தோட்டத்தில் மரக்கறி போட்ட நிலத்தைத் திருத்திப் பட்டிப்பூ வைக்கத் தொடங்கிவிடாதீர்கள். சிங்கோனாக் கதையை மறக்க வேண்டாம். வாங்குபவர் யார், கிலோவுக்கு என்ன விலை, எவ்வளவு காலத்துக்கு என்று எழுத்தில் இல்லாமல் எந்த மூலிகையையும் வியாபாரத்துக்கு வைப்பது வீண்பாடு. 2022இல் விஞ்ஞானிகள், பாண் புளிக்க வைக்கும் ஈஸ்ட் வகையிலிருந்தே இந்த மருந்தின் மூலப்பொருட்களை உண்டாக்கிக் காட்டிவிட்டார்கள். நாளை இலையின் தேவை குறைந்தாலும் குறையலாம்.

இன்னொரு நியாயமும் இருக்கிறது. இந்த இலையின் குணத்தைச் சொல்லிக் கொடுத்தவர்கள் ஏழைச் சனங்கள். செடியின் தாயகமான மடகஸ்கார் நாட்டுக்கு மருந்து விற்ற இலாபத்தில் பங்கு போகவில்லை என்பது உலகம் எங்கும் பேசப்பட்ட குறை. இப்படியான குறைகளைத் தீர்க்கவே 1992இல் றியோ டி ஜெனெய்ரோ நகரில் உயிரினப் பல்வகைமை உடன்படிக்கை உருவானது. இலங்கையும் 1994இல் அதை ஏற்றுக்கொண்டது. இலை பறிக்கும் கைக்கும் அதில் பங்கு வேண்டும் என்பதை உங்களுக்கு நாம் சொல்லித் தர வேண்டியதில்லை.

சபையில் கேட்கப்பட்ட சில கேள்விகள்

"பூவ மட்டும் தேன்ல ஊறப்போட்டுத் தின்னலாமுங்களா?" என்று ஒரு அம்மா கேட்டார். கூடாது. பூ, இலை, வேர் எல்லாவற்றிலும் சரக்கு இருக்கிறது.

"நாட்டு வைத்தியத்த எல்லாம் பொய்ன்னு சொல்றீங்களா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். இல்லை ஐயா. இந்த மருந்தே நாட்டு வழக்கத்தைத் தேடிப் போனதால்தான் கிடைத்தது. பதிவு பெற்ற ஆயுர்வேத, சித்த வைத்தியர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் போகலாம். கேள்விப்பட்டதை வைத்து நாமே அவித்துக் குடிப்பதைத்தான் வேண்டாம் என்கிறோம்.

"2022ல மருந்து இல்லன்னு சொன்னாங்களே, அப்ப என்னா செய்யிறது?" என்று ஒரு தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. அந்தப் பொருளாதார நெருக்கடியில் புற்றுநோய் மருந்துகளுக்கும் தட்டுப்பாடு வந்தது உண்மை. மறுபடி அப்படி வந்தாலும் தவணையை விடாமல் ஆஸ்பத்திரிக்குப் போய் நிற்க வேண்டும். மாற்று வழி என்ன என்பதை வைத்தியர்தான் சொல்ல முடியும். மருந்து இல்லை என்று வீட்டில் இருந்துவிட்டால், மருந்து வந்த நாளும் தெரியாமல் போகும். இல்லாத மருந்துக்காகக் குரல் கொடுப்பது எல்லோருடைய வேலை, எமது நிதியத்தினதும் வேலைதான்.

இன்று ஊருக்குப் போகிறவர்கள், பக்கத்து லயத்தில் இருப்பவர்களுக்கும் மூன்று விஷயத்தைச் சொல்லுங்கள். பட்டிப்பூவைக் கேத்தலில் போட வேண்டாம். சீனிக் குளிசையை நிறுத்த வேண்டாம். மகரகமைத் தவணையைத் தவறவிட வேண்டாம். வாசலில் பூ பூத்தபடியே இருக்கட்டும், பிள்ளைகளும் சுகமாக இருக்கட்டும்.

தேநீர் ஆயத்தமாக இருக்கிறது. சீனி கொஞ்சம் குறைத்துத்தான் போடச் சொல்லியிருக்கிறோம்!